முதலில் என்னிடம் சொல்

அன்புள்ள தாரணி,

நேற்று தொம்மலூர் சிக்னலில் கார் நின்றபோது ஒரு பாட்டைப் போட்டாய். முடிவதற்குள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ஆபீஸ்ல ஹரிஷ் அனுப்பினான். எப்படிப் பாடியிருக்காங்க, இல்ல?" என்றாய். நான் தலையாட்டினேன்.

போன தீபாவளிக்கு அதே பாட்டை உனக்கு நான் அனுப்பியிருந்தேன். "அப்புறம் கேக்கறேன்" என்று பதில் போட்டாய். அதற்குப் பிறகு நான் எதையும் அனுப்பவில்லை. ஏன் என்று நீயும் கேட்கவில்லை.

ஹரிஷைப் பற்றி நான் எதுவும் சொல்ல வரவில்லை. நல்ல பையன்தான்.

இன்று மெட்ரோவில் ஒரு புதுப் பாட்டு கிடைத்தது. கேட்டுக்கொண்டே இறங்க வேண்டிய ஸ்டேஷனை விட்டுவிட்டு வைட்ஃபீல்ட் வரைக்கும் போய்விட்டேன். உன்னிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை. இத்துடன் அனுப்புகிறேன். பாதியாவது கேள். பிடித்திருந்தால் முதலில் என்னிடம் சொல். ஹரிஷுக்கு அப்புறம் அனுப்பிக்கொள்.

உன் வீட்டுக்காரன்