ஒன்பது வோல்ட் அடாப்டர்

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லாரும் சுகம், அம்மாவின் முழங்காலைத் தவிர. அது ஒரு நாள் சமாதானம், ஒரு நாள் சண்டை என்று அவளை ஆட்டி வைக்கிறது. நீயும் மாப்பிள்ளையும் பேத்தியும் சுகமாக இருப்பீர்கள் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன், இல்லையென்றால் மறைக்காமல் எழுது. உன் அண்ணனின் அச்சகத்தில் புது மெஷின் வந்திருக்கிறது, அதன் புராணம் கேட்டுக் கேட்டு எங்கள் காது தேய்ந்துவிட்டது. மாடி அறை ஒழுகுவதைச் சரி செய்தாயிற்று.

வீடியோ கேம் பிறந்து வளர்ந்த கதையைப் பள்ளிக்கூடத்தில் பேத்தி எழுதிக்கொண்டு போக வேண்டும், நம் வீட்டில் இருந்த பெட்டி எந்தக் காலத்து மாடல் என்று கேட்டுச் சொல்லுங்கள் என்று போன மாதம் எழுதியிருந்தாய். பரணில் தேடினேன். துணிக்கடைப் பையில் சுற்றி வைத்தபடியே இருந்தது, அதே அடாப்டர் சொருகியபடி. முப்பத்தொரு வருடம் வீடு வீடாக மீட்டரும் ஃபியூஸும் பார்த்தவனுக்கு அதன் சரித்திரம் என்ன தெரியும், அதனால் பேருந்து நிலையத்துக்குப் பின்னால் பழைய கேம் பெட்டிகளை மட்டும் பழுது பார்க்கிற ஒரு பெண்ணிடம் எடுத்துக்கொண்டு போனேன். உன் வயதுதான் இருக்கும். வாய் பாட்டுக்குப் பேசுகிறது, கை பாட்டுக்கு ஸ்க்ரூவைக் கழற்றுகிறது. அவள் சொன்னதைப் பேத்திக்குப் படித்துக் காட்டு. வீட்டு டி.வி.யில் மாட்டி ஆடுகிற முதல் பெட்டி 1972-ல் கடைக்கு வந்ததாம். சத்தம் கிடையாது, நிறமும் கிடையாது, வெள்ளைப் புள்ளிகள் ஓடும், அவ்வளவுதான். மைதானம் வேண்டுமென்றால் மைதானம் அச்சடித்த பிளாஸ்டிக் தாளை டி.வி. கண்ணாடி மேல் ஒட்டிக்கொள்ள வேண்டும், யாருக்கு எத்தனை பாயின்ட் என்பதை நாமே குறித்துக்கொள்ள வேண்டும். கேசட்டை மாற்றி மாற்றிப் போடும் பெட்டி அதற்கப்புறம்தான் வந்தது. பிறகு அமெரிக்காவில் ஆளாளுக்கு கேம் செய்து குவிக்கப்போய் 1983-ல் வியாபாரமே படுத்துவிட்டதாம், விற்காத கேசட்டுகளை லாரியில் ஏற்றிப் போய்க் குழி வெட்டிப் புதைத்தார்களாம். அதே வருடம் ஜப்பானில் வந்த ஒரு பெட்டிதான் பிற்பாடு தொழிலையே தூக்கி நிறுத்தியது. நம்முடையது அதைப் பார்த்துச் செய்த நகல், பெயர் மட்டும் வேறு. 9999 கேம் என்று போட்டிருந்த மஞ்சள் கேசட் ஞாபகம் இருக்கிறதா, அதில் இருப்பதே ஆறு ஆட்டமாம், மீதியெல்லாம் அதே ஆறுக்கு வேறு வேறு பெயர். இத்தனை கேமா என்று அதை விற்ற கடைக்காரரிடம் வாயைப் பிளந்துகொண்டு நின்றவன் நான்தான்.

இதுவரை பேத்திக்கு. இனி எழுதுவது உனக்கு, நீ மட்டும் படி. அந்தப் பெண் அடாப்டரைத் திருப்பிப் பார்த்துவிட்டு, இது இந்தப் பெட்டியோடது இல்லீங்களே ஐயா, ரேடியோவோடது மாதிரி இருக்கே என்றாள். இரண்டும் ஒன்பது வோல்ட், சொருகுகிற பின்னும் ஒரே அளவு. ஆனால் ரேடியோவுக்கு நடுவில் பிளஸ் வர வேண்டும், இந்தப் பெட்டிக்கு நடுவில் மைனஸ். அடாப்டர் முதுகில் சின்னதாகப் படமே போட்டிருக்கிறது. மாத்திக் கொடுத்தா பாவம் பெட்டி என்ன பண்ணும், போட்ட உடனே கருகியிருக்கும் என்றாள். அவள் சாதாரணமாகத்தான் சொன்னாள், நான்தான் அடாப்டரை வாங்கி அந்தப் படத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன்.

உங்கள் பரீட்சை முடியும்வரை அடாப்டரை ஒளித்து வைத்தவன் நான். பரீட்சை முடிந்த அன்று, அண்ணன் வர்றதுக்குள்ள ஒரே ஒரு ஆட்டம்ப்பா என்று நீ கெஞ்சியபோது மேஜை டிராயரில் கையை விட்டு அகப்பட்டதை எடுத்து உன் கையில் கொடுத்தவனும் நான். ஒன்பது வோல்ட் என்று படித்தேன், அதோடு சரி. வீட்டு மின்சாரத்தில் இரண்டு பின் பிளக்கை எப்படித் திருப்பிச் சொருகினாலும் விளக்கு எரியும், அந்தப் பழக்கத்தில் பிளஸ் மைனஸ் என் புத்திக்கே வரவில்லை. நீ ஸ்விட்சைத் தட்டியதும் நாற்றம் வந்தது. நான் என்ன கேட்டேன் தெரியுமா, ஒன்றுமே கேட்கவில்லை. உன் கை பட்டா எதுதான் உருப்படும் என்றேன். பெட்டியைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. ஊருக்கே கரன்ட் பார்க்கிறவன் வீட்டில் கரன்ட் தப்பாகப் போகுமா என்ற திமிர்தான், வேறென்ன.

அதற்கப்புறம் மிக்ஸி நின்றாலும் கடிகாரம் நின்றாலும் பாப்பா தொட்டாளா என்று கேட்பது இந்த வீட்டில் வேடிக்கையாகிப் போனது. நீயும் சேர்ந்து சிரித்தாய், அதனால் வலிக்கவில்லை என்று நினைத்துக்கொண்டேன். எலக்ட்ரானிக்ஸ் படிக்கட்டுமா என்று நீ கேட்ட அன்று, அப்போ வாசல்ல ஒரு தீயணைப்பு வண்டி நிறுத்தணும் என்று சொன்னதும் நான்தான். நீ அதோடு அந்தப் பேச்சை விட்டுவிட்டாய். போன மாதக் கடிதத்தின் கடைசியில், பேத்தி ஆடக் கூப்பிட்டதற்கு, வேண்டாம் செல்லம், அம்மா கை பட்டா கெட்டுப்போயிடும் என்று சொன்னதாக எழுதியிருந்தாய். முதல் தடவை படித்தபோது நானும் அம்மாவும் சிரித்தோம். கடையிலிருந்து வந்து மறுபடி எடுத்துப் படித்தேன், அம்மாடி, எனக்கு அழுகை வந்துவிட்டது.

அம்மாவிடம் சொன்னேன். இத்தனை வருஷமா பிள்ளையைச் சொல்லிச் சொல்லிச் சிரிச்சிருக்கோமே என்று எழுந்து போய்விட்டாள். போன்ல சொல்லாதீங்கப்பா, பரவாயில்லப்பான்னு ஒரே வார்த்தையில முடிச்சிடுவா, உக்காந்து எழுதுங்க என்று அண்ணன்தான் சொன்னான். அந்தப் பெண் கரன்ட்டை அளவாக அனுப்புகிற மூன்று கால் சாமான் ஒன்றையும் இரண்டு சில்லறைப் பாகங்களையும் மாற்றினாள், ஒரு மணி நேரத்தில் பெட்டிக்கு உயிர் வந்துவிட்டது. அன்றைக்கே திறந்திருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும். தப்பு செய்ததை விட, பார்க்காமலே உன் மேல் போட்டதற்குத்தான் மன்னிப்புக் கேட்கிறேன். நீ மன்னித்தே ஆக வேண்டும் என்று இல்லை, தெரிந்துகொண்டால் போதும்.

மூவரும் நீண்ட ஆயுளோடும் நிம்மதியோடும் இருக்க அப்பா அம்மாவின் ஆசிகள். கண் பரிசோதனையைத் தள்ளிப் போடாதே, மாப்பிள்ளையையும் அழைத்துப் போ. கோபம் வந்தால் கோபமாகவே பதில் எழுது, நாகரிகம் பார்க்காதே. உன் கையில் ஒரு குறையும் இல்லை, என்றைக்கும் இருந்ததில்லை. இந்தக் கடிதம் கிடைக்கிற அன்றே பேத்தி பக்கத்தில் உட்கார்ந்து ஒரு ஆட்டம் ஆடு. மீறி ஏதாவது கருகினால், தாத்தாதான் காரணம் என்று தைரியமாகச் சொல்.

இப்படிக்கு,
பிளஸ் மைனஸ் பார்க்காத உன் அப்பா