நீ சொன்ன உப்புத் தண்ணி

அடையாறு

அன்புள்ள ஷ்ரவணுக்கு, அம்மாவின் ஆசீர்வாதம். நீ அங்கே சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன். இங்கே சுகமில்லை. ஃபோனில் பேசினால் பாதியில் குறுக்கே விழுவாய் என்பதால் எழுதுகிறேன், முழுதும் படி.

பக்கவாதம் வந்த அப்பா நடந்து பழகவேண்டும் என்றுதான் தோட்டத்தில் அந்த நீச்சல் குளத்தைக் கட்டினாய். நல்ல காரியம், இல்லை என்று சொல்லவில்லை. நம் வீட்டு வேலையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்த கபாலியின் தோளைப் பிடித்துக்கொண்டு அப்பா தண்ணீரில் நடக்க ஆரம்பித்திருந்தார், நின்று திரும்பக்கூடப் பழகியிருந்தார். டைல் வேலைக்காகக் குளத்தை வடித்தபோது நீ மெல்பர்னிலிருந்து கபாலிக்கு என்ன வாய்ஸ் மெசேஜ் அனுப்பினாய்? "உப்புத் தண்ணி விட்டு ரொப்பிடு கபாலி, மிச்சத்தை நான் இங்கேர்ந்தே பாத்துக்கறேன்." இந்த ஊரில் உப்புத் தண்ணி என்றால் போர் தண்ணீர், நல்ல தண்ணி என்றால் மெட்ரோ தண்ணீர். நீ நினைத்தது நல்ல தண்ணீரில் உப்பைக் கரைத்த தண்ணீர், இங்கேயே பிறந்து வளர்ந்த உனக்கு அந்த வித்தியாசம் மறந்துவிட்டதா? அவன் போர் மோட்டாரைப் போட்டு ரொப்பினான். நானாக இருந்தாலும் அதையேதான் செய்திருப்பேன்.

அதற்குப் பிறகு நீ செய்ததுதான் எனக்கு ஆறவில்லை. உப்பைக் குளோரினாக மாற்றும் மெஷினின் தகடு முழுக்கப் போர் தண்ணீரின் சுண்ணாம்பு படிந்து, நம் கெய்சர் காயில் மாதிரி வெள்ளையாகிக் கிடந்தது. குளோரின் வராமல் தண்ணீர் பச்சையாயிற்று. வந்து பார்க்க மெக்கானிக்கை அனுப்பாமல், வைஃபை வழியாக உன் ஃபோனில் தெரிந்த குளோரின் அளவை வைத்துக்கொண்டு அங்கிருந்தே மெஷினைக் கூட்டினாய், கபாலியைக் குளோரின் பவுடரை அள்ளிப் போடச் சொன்னாய். அதில் இறங்கிய அப்பா உடம்பெல்லாம் சிவந்து, கண் எரிந்து, பயந்து அலறிவிட்டார். நீயோ ஸ்பீக்கரில் அப்பாவும் எதிர்வீட்டு வாட்ச்மேனும் கேட்கக் கபாலியை இடியட் என்றாய், உப்புத் தண்ணி என்றால் என்னவென்றுகூடத் தெரியாதா என்றாய். உன் வயதென்ன, அவன் வயதென்ன? துண்டை எடுத்துக்கொண்டு கிளம்பியவன் வாசலில் என்னிடம் மட்டும் கேட்டான்: "உப்புத் தண்ணி தானே மேடம் கேட்டாரு? நம்ம போர்ல இன்னா பன்னீரா வருது? வாயில ஊத்திப் பாக்கச் சொல்லுங்க சாரை." அன்றைக்குப் பெரும்பாக்கத்தில் தன் வீட்டுக்குப் பஸ் ஏறியவன்தான், அப்புறம் வரவில்லை.

தண்ணீரை நானே சரிசெய்துவிட்டேன். மெஷினோடு வந்த புத்தகத்தை உட்கார்ந்து படித்தேன். முக்கால்வாசியை வடித்துவிட்டு லாரியில் நல்ல தண்ணீர் வாங்கி விட்டு, அயோடின் சேர்க்காத உப்பை அளந்து போட்டு, தகட்டை நீர்த்த ஆசிட்டில் கழுவினேன். இந்த மெஷின் ஓட ஓட தண்ணீரின் பி.ஹெச். ஏறிக்கொண்டே போகுமாம், அதைச் சோதனைச் சொட்டு விட்டு நிறம் பார்த்து ஆசிட் சேர்த்து இறக்கவேண்டுமாம். இப்போது தரை பளிச்சென்று தெரிகிறது. வைஃபையிலிருந்தும் மெஷினை எடுத்துவிட்டேன், உன் ஃபோனில் இனிமேல் குளம் தெரியாது. ரிப்பேர் என்று நினைத்து யாரையும் அனுப்பி வைக்காதே.

ஆனால் அப்பா இறங்கமாட்டேன் என்கிறார். பிசியோதெரபி அம்மா கையைப் பிடித்தாலும் படியிலேயே நின்றுவிடுகிறார். "கபாலி எங்க? அவன் புடிச்சாத்தான்" என்று குழறிக் குழறிச் சொல்கிறார். இப்போது விட்டால் கால் மறுபடி இறுகிப்போகும் என்று அந்த அம்மா எச்சரித்துவிட்டுப் போனாள். நான் இரண்டு தடவை கபாலிக்கு ஃபோன் செய்தேன். "நீங்க இன்னா மேடம் பண்ணுவீங்க, நீங்களா திட்டுனீங்க" என்று மரியாதையாகச் சொல்லி வைத்துவிட்டான். அவன் சொல்வது நியாயம்தானே?

அதனால் நீதான் கூப்பிடவேண்டும். சாரி என்று மெசேஜ் தட்டாதே, பணம் போடாதே, இரண்டும் இன்னொரு அடி. வாயைத் திறந்து, "நான் சொன்னதுதான் தப்பு, நீங்க சரியாத்தான் செஞ்சீங்க" என்று சொல். நீங்க என்று சொல். எடுக்காவிட்டால் மறுபடியும் கூப்பிடு, எடுக்கும் வரை கூப்பிடு. இந்த வாரமும் அப்பா படியில் நின்றுவிட்டுத் திரும்பினால் நான் உன்னிடம் பேசப்போவதில்லை.

வேளைக்குச் சாப்பிடு, உடம்பைப் பார்த்துக்கொள். தீர்க்காயுசாக இரு. கபாலி இப்போது காலையிலேயே வேறிடத்துக்கு வேலைக்குப் போய்விடுவான், நம் நேரம் சாயங்காலம் ஆறு மணிக்குமேல் கூப்பிடு.

இப்படிக்கு,
கோபம் தீராத உன் அம்மா,
நீரஜா