அந்த உறுமல் உன் குரல்னு தெரிஞ்சப்போ

வாலு,

காலை ஷிஃப்டுக்கு பஸ் எடுக்கக் கிளம்பிட்டேன். சாப்பாடு அடுப்பு மேல இருக்கு, சூடு பண்ணிக்கோ. பதினோரு மணிக்கு குழாய் ரிப்பேர் பண்றவர் வருவார். ஹெட்போனைக் கழட்டி வை, இல்லன்னா அவர் தட்டித் தட்டிப் பாத்துட்டுத் திரும்பிப் போயிடுவார்.

நாலு நாளா நீ என்கிட்ட பேசல. நீ கேக்குற மெட்டல் பாட்டு நாய் உறுமுற மாதிரி இருக்குன்னு நான் சொன்னது தப்புதான். "அது வெறும் பாட்டு இல்லப்பா, அதுதான் நான்"னு சொல்லிட்டுப் போயிட்ட. எனக்கு அப்போ புரியல.

நேத்து பஸ்ல பிரேக் கோளாறு, மத்தியானமே வீட்டுக்கு வந்துட்டேன். உன் ரூம்ல அந்த உறுமல் கேட்டுச்சு. யாரோ ஆம்பளை பாடின ரெக்கார்டுன்னு நினைச்சேன். நடுவுல நிறுத்தி, இருமிட்டு, மறுபடி ஆரம்பிச்சப்போதான் அது நீன்னு தெரிஞ்சுது. யூனிஃபார்மைக்கூடக் கழட்டாம வெளியவே நின்னேன்.

அம்மா தவறிப்போனப்போ நீ ஒரு சொட்டு அழல. அந்த அழுகையையெல்லாம் இந்த மூணு வருஷமா நீ எங்க வச்சிருந்தன்னு நேத்துதான் புரிஞ்சுது.

ஞாயித்துக்கிழமை சாயங்காலம் மேடையில பாடுறியாமே, உன் மேஜையில நோட்டீஸ் பாத்தேன். லீவு எழுதிக் குடுத்துட்டேன். கடைசி வரிசையில நின்னுக்கிறேன். வேண்டாம்னா சொல்லிடு, வரல.

அப்பா

பி.கு: நோட்டீஸ் படத்துல எல்லாரும் கருப்புச் சட்டைல இருக்காங்களே, அதைப் போட்டாதான் உள்ள விடுவாங்களா? என்கிட்ட காக்கிதான் இருக்கு.

இன்னொண்ணு: ஃபிளாஸ்க்ல தொண்டைக்கு வெந்நீர் வச்சிருக்கேன். நான் வீட்ல இருக்கறப்பவும் பாடும்மா.