தலையாட்டிக்கொண்டிருந்த நாட்கள்

மார்ச் 4

அன்புள்ள வாயாடியின் அப்பாவுக்கு,

நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நீங்கள் அந்த ஊருக்கு வேலைக்குப் போனதிலிருந்து, போனில் பேசினால் மூன்றாவது வாக்கியத்தில் சண்டை வந்துவிடுகிறது. கடிதத்தில் குறுக்கே பேச முடியாது, அதனால் எழுதுகிறேன்.

பள்ளிக்கூடத்தில் அடுத்த மாதம் பூர்வகுடி நாள் கொண்டாடுகிறார்களாம். வகுப்பில் பூர்வகுடிப் பிள்ளை நம் மகள் ஒருத்திதான். "உங்க அப்பா பக்கத்து உடுப்புல வந்து, உங்க ஜனங்களைப் பத்தி அஞ்சு நிமிஷம் பேசு" என்று டீச்சர் சொல்லி அனுப்பியிருக்கிறார். அவள் வந்து என்னைக் கேட்கிறாள். நான் யாரைக் கேட்பேன்? ஊரார் கொடுக்கும் கால்சட்டைக்கெல்லாம் நீளம் குறைத்துத் தருகிறேன், என் மகளுக்கு என்ன தைப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

கல்யாணமாகிப் பதின்மூன்று வருஷத்தில் ஒரு தடவைகூட உங்கள் வீட்டு வாசலை எனக்குக் காட்டியதில்லை. நான் அந்த ஜனம் இல்லை என்பதால் கூச்சப்படுகிறீர்கள் என்று நினைத்து, நானும் கேட்பதை விட்டுவிட்டேன். பிள்ளை விடமாட்டாள். ஏதாவது எழுதுங்கள்.

அன்புடன்,
நான்தான்


மார்ச் 19

அன்புள்ள தையற்காரிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. இந்த வாரம் மூன்று கட்டடங்களில் லிப்ட் பழுது, மூன்றையும் நான்தான் சரிபார்த்தேன். படியேறி இறங்கி முழங்கால் போய்விட்டது. பதில் தாமதமானதற்கு அதுவும் ஒரு காரணம் என்று வைத்துக்கொள்.

எங்கள் கம்பெனியிலும் அந்த நாள் உண்டு. வருஷம் முழுக்க "ஏய் லிப்ட்டு" என்று கூப்பிடுகிற மேனேஜர் அன்றைக்கு மட்டும் மாலை போட்டு, "உங்க மொழியில நாலு வார்த்தை வாழ்த்துங்க" என்று மைக்கை நீட்டுகிறார். எனக்குத் தெரிந்தது தண்ணீர், நாய், அம்மா. மூன்றையும் மாற்றி மாற்றிச் சொல்லிவிட்டு இறங்கிவிடுகிறேன். எல்லோரும் கை தட்டுகிறார்கள். ஒருவர் கண்ணைக்கூடத் துடைத்துக்கொண்டார்.

என்னை ஆறு வயதில் அரசாங்க ஆட்கள் விடுதிப் பள்ளிக்குக் கொண்டுபோனார்கள். வீட்டுமொழி வாயில் வந்தால் சோப்பைத் திணிப்பார்கள். இருமலில் படுத்திருந்ததால் அக்கா தப்பினாள். உன்னைப் பார்த்து நான் கூசவில்லை. உன்னை அங்கே கூட்டிப்போனால் நீ என் பக்கம் திரும்பி, "என்ன சொல்றாங்க?" என்று கேட்பாய். அதற்குத்தான் பயந்தேன்.

அம்மா கடைசி நாட்களில் ஊர்மொழியை மறந்துவிட்டாள். வீட்டுமொழிதான் வந்தது. பகல் முழுக்க நான் பக்கத்தில் உட்கார்ந்து தலையாட்டிக்கொண்டிருந்தேன். ஒரே வாக்கியத்தைத் திரும்பத் திரும்பச் சொன்னாள். திட்டினாளோ என்னவோ. நான் யாரிடமும் கேட்கவில்லை.

ஒன்றும் தைக்காதே. அக்காவிடம் போங்கள், முகவரி பின்பக்கம் இருக்கிறது. வாய் கொஞ்சம் காரம், பொறுத்துக்கொள்.

இப்படிக்கு,
லிப்ட்டு


ஏப்ரல் 16

அன்புள்ள வாயாடியின் அப்பாவுக்கு,

போய்வந்தோம். விழாவும் முடிந்தது. உடம்பெல்லாம் வலிக்கிறது, ஆனாலும் எழுதிவிட்டுத்தான் படுக்க வேண்டும்.

அண்ணி கதவைத் திறந்ததும் சொன்ன முதல் வார்த்தை: "இந்த மாசம் மட்டும் நாலு பள்ளிக்கூடம் கூப்பிட்டுச்சு. மாசம் முடிஞ்சா என் போன் ஊமையாயிடும். நீங்க எந்தப் பள்ளிக்கூடம்?" நாங்கள் யார் என்று சொன்னதும் கதவை முழுசாகத் திறந்து, "உள்ள வாங்க, செருப்ப அங்க விடுங்க" என்றார்.

அன்று அவர் வேலைபார்க்கும் ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் ஆள் குறைவாம். எங்களையும் இழுத்துக்கொண்டு போய்விட்டார். உலர்ந்த விரிப்புகளை இரண்டு முனையில் பிடித்து நானும் அவரும் மடித்தோம். நடுவில் நின்ற வாயாடி ஒவ்வொன்றுக்கும் "இதுக்கு என்ன வார்த்தை அத்தை?" என்று கேட்டுக் கேட்டுப் படுத்தினாள். முதலில் சலித்துக்கொண்டவர், சாயங்காலத்துக்குள் அவள் கேட்கும் முன்பே தானாகச் சொல்ல ஆரம்பித்துவிட்டார். என்ன உடுத்தி அனுப்புவது என்று கேட்டேன். "நான் வேலைக்கு என்ன போட்டுட்டுப் போறேனோ அதுதான் எங்க உடுப்பு" என்றார்.

விழாவில் இறகும் மணியும் எதிர்பார்த்தவர்கள் முன்னால் நம் மகள், அத்தை வேலைக்குப் போடுகிற மாதிரி, வெறும் நீலச் சட்டையில் போய் நின்றாள். "எங்க அத்தை ஆஸ்பத்திரியில துணி துவைக்கிறாங்க" என்று தொடங்கி, உதறு, இழு, மடி, இன்னொண்ணு, ஈரம், கை வலிக்குது, எல்லாவற்றையும் அவர்கள் மொழியில் சொன்னாள். "எங்க அப்பாவுக்கு இதெல்லாம் தெரியாது. தெரியக்கூடாதுன்னு வாயில சோப்பு வச்சாங்க" என்றும் சொன்னாள். நான் சொல்லிக்கொடுக்கவில்லை, உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டாள் போலிருக்கிறது. கைதட்ட வேண்டுமா என்று யாருக்கும் தெரியவில்லை.

இன்னொன்று. எழுதலாமா வேண்டாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். உங்கள் அம்மா என்ன சொன்னார் என்று வாயாடி அத்தையிடம் கேட்டுவிட்டாள். அண்ணி சிரித்தார், பிறகு கண்ணைத் துடைத்தார். "சன்னலைச் சாத்து, குளிருது" என்பதுதானாம். அண்ணி தினமும் வேலை முடிந்து வந்து சாத்துவாராம். அம்மா அவரிடம், "இவன் தங்கமான பிள்ளை. எல்லாத்துக்கும் தலையாட்டுறான். ஒண்ணும் செய்ய மாட்டேங்குறான்" என்பாராம். இருவரும் சேர்ந்து சிரிப்பார்களாம். "அவன் கேட்டிருந்தா அன்னிக்கே சொல்லியிருப்பேன்" என்றார்.

அம்மா உங்களைத் திட்டவில்லை. அதை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
நான்தான்


ஜூலை 2

அன்புள்ள தையற்காரிக்கு,

மாதக்கணக்கில் எழுதாமல் இருந்துவிட்டேன். உன் கடிதத்தை ஒரு கட்டடத்து மொட்டைமாடியில், லிப்ட் மோட்டார் அறையில் உட்கார்ந்து படித்தேன். கீழே ஆட்கள் மணியடித்துக்கொண்டே இருந்தார்கள். எழுந்திருக்க முடியவில்லை.

இப்போது சனிக்கிழமைகளில் நூலகத்தில் எங்கள் மொழி வகுப்புக்குப் போகிறேன். சொல்லித்தருகிற பெண்ணுக்கு என் வயதில் பாதி. எங்கள் ஆளும் இல்லை, கல்லூரியில் படித்துத் தெரிந்துகொண்டவள். என் உச்சரிப்பைத் திருத்துகிறாள். முதல் நாள் பாதியில் எழுந்து வெளியே வந்துவிட்டேன். இரண்டாவது வாரமும் அப்படித்தான். மூன்றாவது வாரம் களைப்பில் எழுந்திருக்காமல் இருந்துவிட்டேன்.

இங்கே கணக்கை முடித்துக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போகிறேன். அங்கேயும் லிப்ட்டுகள் பழுதாகத்தான் செய்யும். பின்னால் ஒரு அறை காலியாக இருக்கிறது, வெளிச்சமும் உண்டு, உன் மிஷினைப் போடலாம். விடுமுறைக்கு நீங்கள் இரண்டு பேரும் வாருங்கள். பிறகு போகவேண்டாம் என்று தோன்றினால் அங்கேயே இருங்கள். எங்கள் வீட்டுக்கு உன்னை நான் அழைக்கிறேன்.

இப்படிக்கு,
உன் கணவன்


ஜூலை 20

அன்புள்ள உங்களுக்கு,

கடிதத்தைப் பலமுறை படித்தேன். பதின்மூன்று வருஷத்தில் முதல் அழைப்பு. அழகாகத்தான் அழைத்திருக்கிறீர்கள்.

விடுமுறைக்கு வாயாடியை பஸ் ஏற்றி அனுப்புகிறேன். அண்ணி வந்து கூட்டிக்கொள்வதாகச் சொன்னார். அவள் எத்தனை நாள் இருக்க விரும்புகிறாளோ இருக்கட்டும்.

நான் வரவில்லை. கோபம் என்று நினைக்காதீர்கள். உங்கள் மேல் கோபப்பட ஒன்றும் மிச்சமில்லை. யார் யாரோ செய்ததற்கு நீங்கள் என்ன செய்வீர்கள். ஆனால் பூட்டின கதவுக்கு வெளியே இத்தனை வருஷம் நின்று நின்று எனக்குக் கால் ஓய்ந்துவிட்டது. இப்போது திறந்திருக்கிறது என்று தெரிகிறது. உள்ளே வர நடக்கத்தான் முடியவில்லை. இங்கே உட்கார்ந்துகொள்கிறேன்.

உங்கள் குளிர்கால மேல்சட்டைக்கு உள்துணி மாற்றி அவளிடம் கொடுத்தனுப்புகிறேன். வகுப்பை விட்டுவிடாதீர்கள்.

இனிமேல் கடிதத்தை அவள் பெயருக்கே எழுதுங்கள். உங்களிடம் கேட்க அவளிடம் நிறைய இருக்கிறது.

அன்புடன்,
வாயாடியின் அம்மா