மேசைக்கு வந்துவிட்டேன், அண்ணே

அண்ணே,

நேற்று மாலை வீட்டுக்குள் நுழைந்ததும் என் மனைவி மூக்கைச் சுருக்கினாள். "என்னங்க இது, சட்டையெல்லாம் உருளைக்கிழங்கு பொரிச்ச எண்ணெய் வாடை?" கழற்றி முகர்ந்து பார்த்தேன். பொரித்த எண்ணெய், வினிகர், கொஞ்சம் பியர், யாரோ பூசியிருந்த மலிவான சென்ட். ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் மவுண்ட் வெல்லிங்டனிலிருந்து நேரே எங்கள் பிளாட் புஷ் வீட்டுக்கு வந்து, காரைவிட்டு இறங்காமல் கண்ணாடியை மட்டும் இறக்கிப் பேசுவீர்களே, அப்போது உள்ளேயிருந்து வருமே, அதே வாசனை. மவுண்ட் ஆல்பர்ட்டில் வீடு வைத்திருப்பவர் எதற்காக எதிர்த்திசையில் இவ்வளவு தூரம் வருகிறார் என்று என் மனைவி கேட்பாள். எனக்குத் தெரியும். ஜெயித்த நாட்களில் மட்டும்தான் வருவீர்கள்.

சட்டையைத் துவைக்கப் போடவில்லை. நாற்காலி முதுகில் மாட்டிவிட்டு, அதன் எதிரே உட்கார்ந்து உங்களுக்கு எழுதுகிறேன்.

நாம் சந்தித்த கதையை நான் எல்லோரிடமும் வேறு மாதிரிச் சொல்லி வைத்திருக்கிறேன். தமிழ்ச் சங்க இலக்கியக் கூட்டத்தில் அறிமுகமானோம் என்று. உண்மை நமக்குத்தான் தெரியும். யாரோ ஒரு குழந்தையின் பிறந்தநாள். மண்டபத்தில் மந்திரவாதி முயலை எடுத்துக்கொண்டிருந்தான், அம்மாக்கள் படம் பிடித்துக்கொண்டிருந்தார்கள். நான் கடைசி வரிசையில், மேசை விரிப்புக்கு அடியில் போனை மறைத்து வைத்துச் சீட்டாடிக்கொண்டிருந்தேன். என் கையில் உருப்படாத ஓர் ஏழும் ஓர் இரண்டும். பக்கத்து நாற்காலியிலிருந்து ஒரு குரல்.

"ஐசே, அதை வச்சுக்கொண்டு என்ன பூசையா செய்யப் போறீர்? எறியும்."

நீங்கள் என்னிடம் சொன்ன முதல் வாக்கியம். பெயர் கேட்கவில்லை, ஊர் கேட்கவில்லை, எந்த விசா என்றுகூடக் கேட்கவில்லை. உங்கள் மடியிலும் ஒரு போன், அதே ஆட்டம். கேக் வெட்டும்போது நாம் இருவரும் ஒரு கையால் மட்டுமே தட்டினோம்.

அதன் பிறகு நமக்கென்று ஒரு தனி மேசையை அந்த ஆப்பில் போட்டுக்கொண்டோம். காசு கிடையாது, வெறும் பொம்மைச் சில்லுகள். வைரஸ் வந்து நாடே வீட்டுக்குள் கிடந்த மாதங்களில், சாயங்காலமானால் போனை ஸ்பீக்கரில் போட்டுச் சாப்பாட்டு மேசைமீது வைத்துவிட்டு, கணினியில் ஆடுவேன். என் பெயர் 'திண்டுக்கல் பூட்டு'. யாராலும் திறக்க முடியாது என்று பெருமையடித்துக்கொள்வேன்.

"உம்மட பூட்டுக்குத் திறப்பு என்னட்ட இருக்கு ஐசே" என்பீர்கள்.

சாவியைத்தான் நீங்கள் திறப்பு என்கிறீர்கள் என்று புரியவே எனக்கு ஒரு வாரம் ஆனது. அந்தத் திறப்பு எது என்று புரிய நேற்றுவரை ஆகிவிட்டது. என் கையில் நல்ல சீட்டு விழுந்தால் நீங்கள் மளமளவென்று உங்கள் சீட்டைப் போட்டுவிட்டு ஓடிவிடுவீர்கள். நான் வெறும் கையோடு புளுகினால், பாறாங்கல் மாதிரி உட்கார்ந்துவிடுவீர்கள். எப்படி அண்ணே, எப்படி அண்ணே என்று கெஞ்சுவேன்.

"நான் ஆஸ்பத்திரியில எக்ஸ்ரே எடுக்கிறவன். ஆக்களின்ர எலும்பையே பாக்கிறவனுக்கு உம்மட சீட்டுத் தெரியாதே?"

நம்பினேன் அண்ணே. இரண்டு பட்டம் வாங்கிய ஐ.டி.க்காரன், நம்பினேன்.

ஊரடங்கு முடிந்தது. மவுண்ட் வெல்லிங்டன் பப் ஒன்றின் பின்னறையில் ஞாயிறு மதியம் நடக்கும் ஆட்டத்துக்கு நீங்கள் போகத் தொடங்கினீர்கள். அங்கேயும் காசில்லை, பெயரை எழுதிக் கொடுத்து உட்கார வேண்டியதுதான். வாரும் வாரும் என்று என்னை அரித்தீர்கள். "கம்ப்யூட்டரில விளையாடுறது வீடியோவில கலியாணவீடு பாக்கிற மாதிரி. பந்தியில இருந்து சாப்பிட வேண்டாமே?" நான் புல் வெட்ட வேண்டும் என்பேன். மகளைத் தமிழ்ப் பள்ளியில் விட வேண்டும் என்பேன். மார்ட்கேஜ் விஷயமாக ஆள் வருகிறார் என்பேன். "உம்மட வீட்டுப் புல்லு மாதிரி உலகத்தில வேற எங்கயும் வளரேல்ல" என்று சிரிப்பீர்கள்.

பயம் அண்ணே, வேறென்ன. திரைக்குப் பின்னால் லுங்கி கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பவன் வியர்த்தாலும் நடுங்கினாலும் பட்டனுக்குத் தெரியாது. எதிரே ஏழெட்டு மனிதர்கள் என் முகத்தையே பார்த்தால்? வாய் ஓயாமல் ஊர்வம்பு பேசுகிறவன்தான் நான். ஆனால் வம்பு என்பது அங்கே இல்லாதவர்களைப் பற்றிப் பேசுவது. அதற்குத் தைரியம் தேவையில்லை.

பிறகு நீங்கள் போய்விட்டீர்கள். வேலைக்குப் போக மவுண்ட் ஆல்பர்ட் ஸ்டேஷனில் நின்றவர், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்தீர்களாம்; ரயில் வந்தபோது இல்லை. ஊராருடைய நெஞ்சையெல்லாம் படம் பிடித்த மனிதர், உங்கள் நெஞ்சை யாரிடமாவது ஒருதரம் காட்டியிருக்கக் கூடாதா? செத்தவீட்டில் உங்களைப் பார்த்து மனதுக்குள் இதைத்தான் திட்டிக்கொண்டு நின்றேன்.

முப்பத்தொன்றாம் நாள் அந்தியேட்டிச் சாப்பாடு முடிந்து கிளம்பும்போது அக்கா என்னைக் குசினிப் பக்கம் கூப்பிட்டார்.

"தம்பி, இவர் ஞாயிற்றுக்கிழமையளில கோயிலுக்குப் போறன் எண்டு சொல்லித்தான் வெளிக்கிடுவார். திரும்பி வரேக்க சட்டையில பொரிச்ச மணம். எந்தக் கோயில்ல சிப்ஸ் பிரசாதம் குடுக்கினம்?"

நான் தரையைப் பார்த்தேன்.

"நீங்கள் ஏன் முழிக்கிறீங்கள்? எனக்கு எப்பவோ தெரியும். மனிசன் சந்தோசமாப் போட்டு வாறார், இருக்கட்டும் எண்டு விட்டுட்டன்." ஒரு பாத்திரத்தை எடுத்துத் துடைத்தார். "அங்கத்தைய ஆக்கள் ஒருத்தரும் செத்தவீட்டுக்கு வரேல்ல. அவையளுக்குத் தெரியாது போல. ஒவ்வொரு கிழமையும் இவரைப் பாத்துக்கொண்டு இருப்பினம் எண்டு நினைக்க எனக்கு ஒரு மாதிரிக் கிடக்கு. நீங்கள் போய்ச் சொல்லிவிடுங்கோ."

"சரிக்கா, சொல்லிடறேன்."

"வாசலில நிண்டு சொல்லிப்போட்டு ஓடி வராதேங்கோ. உங்களை எனக்குத் தெரியும். அவர் இருந்த மேசையில இருந்து, விளையாடி, ஆறுதலாச் சொல்லுங்கோ."

"ஓம் அக்கா" என்றேன். 'ஆமா' சொல்லியே பழகிய திண்டுக்கல் வாயிலிருந்து வந்த முதல் 'ஓம்'.

அன்றே முடிவு செய்துவிட்டேன். உட்கார்ந்துதான் சொல்வது. ஒரு சீட்டுக்கட்டு வாங்கிவந்து வீட்டில் பழகினேன். கலைக்கும்போது பாதி சாம்பாரில் விழுந்தது. "அப்பா, யுவர் ஹேண்ட்ஸ் ஆர் ஷேக்கிங்" என்றாள் மகள். "பப்புக்குப் போக இவ்வளவு பயப்படுற ஆம்பளைய இப்பத்தான் பாக்கறேன்" என்றாள் மனைவி. "குடிக்கிறதுக்காவது போங்க, ஊர்ல சொல்லிக்கவாவது ஆகும்."

நேற்று போனேன். காரை நிறுத்திவிட்டு, ஸ்டியரிங்கைப் பிடித்தபடி கொஞ்சம் அதிக நேரமே உட்கார்ந்திருந்தேன். பிறகு இறங்கினேன்.

பின்னறையில் பச்சைத் துணி விரித்த மேசை. காலி நாற்காலி ஒன்று தெரிந்தது, அதன் முதுகைப் பிடித்தேன். எதிரேயிருந்து பெரிய உடம்பும் காதோரம் பூவுமாக ஒரு சமோவா அம்மாள் கையை நீட்டித் தடுத்தார். சினா என்று பெயர். உங்களிடம் கேட்டுக் கேட்டுப் பழகிய பெயர்.

"அது வேண்டாம், டார்லிங். அது எங்க டாக்டரோட நாற்காலி. பக்கத்துல உட்காரு."

டாக்டர்! ஆஸ்பத்திரியில் வேலை என்று சொல்லியிருப்பீர்கள், அவர்கள் டாக்டர் என்று எடுத்துக்கொண்டிருப்பார்கள், நீங்கள் திருத்தியிருக்க மாட்டீர்கள். கள்ளன்.

"கொஞ்ச நாளா ஆளைக் காணோம். ஊருக்குப் போயிருப்பான்" என்றார் சீட்டுப் போடுகிற செந்தாடிக்காரர்.

அப்போதே சொல்லியிருக்கலாம். வாயைத் திறந்தேன். அதற்குள் சீட்டு வந்துவிட்டது. கணினியில் சீட்டு தானாக மலரும். இங்கே ஓரத்தைக் கொஞ்சமாகத் தூக்கி, யாருக்கும் தெரியாமல் பார்க்க வேண்டும். நான் குனிந்து, தொட்டிலில் தூங்கும் குழந்தையைப் பார்ப்பதுபோல் பார்த்தேன். இடப்பக்கத்தில் இருந்தவர் தலையைத் திருப்பிக்கொண்டு, "இன்னும் கீழே வச்சுக்க மேட், எனக்கும் தெரியுது" என்றார். என் முறை வருவதற்கு முன்பே சில்லுகளைத் தள்ளினேன். திருப்பித் தள்ளிவிட்டார்கள்.

சில ஆட்டங்கள் இப்படிப் போன பிறகு, இரண்டு ராஜா விழுந்தது. உடம்பெல்லாம் சூடு. நடுவில் மூன்று சீட்டுகளை விரித்தார்கள், அதிலும் ஒரு ராஜா. எவ்வளவு வைப்பது என்று யோசித்தேன். யோசிக்கும்போதே செந்தாடிக்காரர் "செக்" என்று சொல்லி, அடுத்த ஆளைப் பார்த்தார். நான் ஒன்றும் வைக்காமல் விட்டுவிட்டதாக அர்த்தம்.

"நான் எங்கே சொன்னேன்? யோசிச்சுக்கிட்டுத்தானே இருக்கேன்?"

"தட்டினீங்களே. இங்க மேசையைத் தட்டினா செக். தட்டினது தட்டினதுதான்."

குனிந்து பார்த்தால், அண்ணே, என் வலக்கை விரல்கள் பச்சைத் துணியின்மேல் அழகாக ஆதி தாளம் போட்டுக்கொண்டிருக்கின்றன.

அதற்குள் சினா நாற்காலி அதிரச் சிரித்தார். "ஐயோ கடவுளே! நீதானா அந்த டிரம்மர்?"

"எந்த டிரம்மர்?"

"டாக்டர் சொல்லுவான். எனக்கு ஒரு சிநேகிதன், போனைப் பக்கத்துல வச்சுக்கிட்டு விளையாடுவான், நல்ல சீட்டு வந்தா மேசையைத் தட்டுவான், அது அவனுக்கே தெரியாது, அந்தச் சத்தம் கேட்டதும் நான் ஓடிடுவேன்னு. ஒருநாள் இங்கே வருவான், அன்னைக்கு நீங்களும் ஓடுங்கன்னு சொல்லி வச்சிருக்கான்!"

அவ்வளவுதான். மேசையைச் சுற்றியிருந்தவர்கள் எல்லோரும் சிரித்துக்கொண்டே சீட்டுகளைத் தூக்கி எறிந்தார்கள். வாழ்க்கையில் முதல்முறையாக நேரில் வந்த மூன்று ராஜாக்கள், கேட்பாரில்லாமல் என் முன்னால் கிடந்தார்கள்.

இதுதானா உங்கள் எக்ஸ்ரே? இத்தனை வருஷமாக என் சாப்பாட்டு மேசையை ஒட்டுக்கேட்டிருக்கிறீர்கள்! வந்த கோபத்தில் என் கை தானாகப் பைக்குள் போய் போனை எடுத்துவிட்டது. உங்களைக் கூப்பிட்டுக் கிழி கிழியென்று கிழிக்க. உங்கள் பெயர்மேல் விரலை வைத்த பிறகுதான்...

சினா அதைப் பார்த்துவிட்டார். "ஆமா, கூப்பிடு, இப்பவே கூப்பிடு! டிரம்மர் வந்துட்டான்னு நாங்க எல்லாரும் கத்தறோம். உன்னை அனுப்பிட்டு எங்கே தூங்குறான் அவன்?"

எல்லோரும் என் முகத்தையே பார்த்தார்கள். நேர் எதிரே வெளியே போகும் கதவு. கணினியாக இருந்தால் மூடிவைத்துவிட்டு எழுந்திருப்பேன். கால்கள் தயாராகிவிட்டன அண்ணே, பொய் சொல்லவில்லை.

ஒரு குளிர்காலத்தில் இருமலோடு உங்கள் ஆஸ்பத்திரிக்கு வந்தேன், நினைவிருக்கிறதா? குளிர்ந்த தகட்டில் என் நெஞ்சை ஒட்டி நிற்க வைத்துவிட்டு, கண்ணாடிக்குப் பின்னால் போய், "மூச்சை இழும். பிடியும். அசையாதையும்" என்றீர்கள். படம் எடுத்து முடித்தும் வேண்டுமென்றே பேசாமல் நின்றீர்கள். நான் முகம் சிவந்து, கண் பிதுங்கியதும்தான் சாவகாசமாக, "சரி, இனி விடும்."

நேற்று மூச்சை இழுத்தேன், பிடித்தேன். விடச் சொல்ல ஆளில்லை. நானே விட்டேன்.

"அவர் இறந்துட்டார். ஒரு மாசத்துக்கு மேல ஆச்சு. உங்களுக்குச் சொல்லணும்னு அவர் மனைவி என்னை அனுப்பினாங்க."

செந்தாடிக்காரர் இரண்டு உள்ளங்கைகளையும் சீட்டுக்கட்டின்மேல் வைத்து அப்படியே இருந்தார். வேறொரு மேசையில் யாரோ சிரித்தது பெரிதாகக் கேட்டது. சினா மட்டும் என்னை விடாமல் பார்த்தார்.

"வரும்போதே உனக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"ராஜா வந்தப்பவும்?"

"ஆமா."

"இதை உள்ளே வச்சுக்கிட்டா இவ்வளவு நேரம் எங்க எதிர்ல உட்கார்ந்திருந்தே?" புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "நீ என்ன நினைச்சாலும் முகத்துல தெரியும்னு சொன்னானே அந்த டாக்டர். ஒண்ணுமே தெரியலையே."

என் ஆட்டத்துக்குக் கிடைத்த முதல் பாராட்டு, அண்ணே. இதற்காக எவ்வளவு பெரிய விலை.

பிறகு அக்காவைப் பற்றிக் கேட்டார். கூட யார் இருக்கிறார்கள், சாப்பிடுகிறாரா, அவருடைய தேவாலயத்து ஆட்களோடு வந்து பாடினால் கோபித்துக்கொள்வாரா என்று. அக்காவிடம் கேட்டுச் சொல்கிறேன் என்றேன். நீங்கள் டாக்டர் இல்லை என்று நான் சொல்லவில்லை. அந்த மேசையில் நீங்கள் டாக்டராகவே இருந்துவிட்டுப் போங்கள்.

"போறீங்களா, இருக்கீங்களா?" என்று கேட்டார் செந்தாடிக்காரர். அவர் கேட்டது மரியாதைக்கு. நான் போனாலும் யாரும் ஒன்றும் சொல்லியிருக்க மாட்டார்கள். சொல்ல வந்ததைச் சொல்லியாகிவிட்டது.

"இருக்கேன். போடுங்க" என்றேன். அந்த மேசையில் நடுங்காமல் வந்த என் முதல் வார்த்தை அதுதான்.

கொஞ்ச நேரத்தில் தோற்றேன். சினாதான் தோற்கடித்தார், இரக்கமே இல்லாமல். தோற்ற பிறகும் எழுந்திருக்கவில்லை, கடைசி ஆள் ஜெயிக்கும்வரை இருந்தேன். இன்று காலை அக்காவுக்குப் போன் செய்தேன்.

"இருந்தே சொன்னீங்கள்?"

"உட்கார்ந்துதான் சொன்னேன் அக்கா."

மறுமுனையில் மூக்கை உறிஞ்சும் சத்தம். அந்த டாக்டர் கதையைச் சொன்னதும், "டாக்டர் எண்டோ சொன்னவர்? பாத்தியளே இந்த மனிசனை!" என்று சிரித்தார். உங்கள் வீட்டில் அந்தச் சிரிப்பைக் கேட்டு எத்தனை நாளாயிற்று.

அடுத்த ஞாயிறும் போகிறேன், அண்ணே. அதற்கடுத்த ஞாயிறும். புல் வளர்ந்தால் வளரட்டும். உங்கள் நாற்காலியில் உட்காரச் சொன்னார்கள், முடியாது என்றுவிட்டேன். மேசைக்கு வாரும் என்றுதான் நீங்கள் கூப்பிட்டீர்கள், உங்கள் இடத்துக்கு வரச் சொல்லவில்லை. பக்கத்து நாற்காலி என்னுடையது. கை நடுங்கும், விரல் தாளம் போடும், எதிரே இருப்பவர்கள் எல்லாம் பார்ப்பார்கள். பார்க்கட்டும். நான் எழுந்திருக்கப் போவதில்லை.