பி பிரிவில் உங்கள் மகள்

தஸ்லீமின் அத்தாவுக்கு, ஸலாம்.

போனில் கேட்டால், "ஆராய்ச்சின்னா அப்படித்தான்" என்று வாயை அடைத்துவிடுகிறீர்கள். அதனால்தான் எழுதுகிறேன்.

அரூர் பள்ளியில் ஏ பிரிவுக்குக் கம்ப்யூட்டர் பாடத்தை ஓடியாடும் விளையாட்டாக நடத்துகிறீர்கள். ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும் என்று பி பிரிவுக்குப் பழையபடி போர்டில் எழுதிப் போடுகிறீர்கள். பெற்ற மகள் பி பிரிவில்தான் இருக்கிறாள். வகுப்பு முடிந்ததும் வீட்டை எட்டிக்கூடப் பார்க்காமல் யுனிவர்சிட்டிக்கென்று சேலம் பஸ் ஏறிவிடுகிறீர்கள். "அத்தாவுக்கு என்னயப் புடிக்கலயாம்மா? எனக்கு இனிமே கம்ப்யூட்டரே வேணாம்" என்கிறாள்.

நான் புளி மண்டி வைத்திருப்பவள். பாதிப் பேருக்கு நல்ல புளியும் மீதிப் பேருக்குப் பூச்சிப் புளியும் கொடுத்து, யார் முகம் சுளிக்கிறார்கள் என்று பார்த்தால் கடையை அடித்து நொறுக்கிவிடுவார்கள். உங்களுக்கு டாக்டர் பட்டம் கொடுப்பார்களாம்.

அதனால் சாயங்காலங்களில் இரண்டு பிரிவுப் பிள்ளைகளையும் மண்டிக்கு வரச் சொன்னேன். ஏ பிரிவுப் பிள்ளைகள் உங்கள் விளையாட்டுகளை மற்றவர்களுக்கும் சொல்லித் தருகிறார்கள். நேற்று தஸ்லீம் மூட்டைமேல் ஏறி நின்றுகொண்டு, "டேய், தப்புடா! மொதல்லருந்து வா" என்று அவர்களையே விரட்டினாள்.

பரீட்சையில் இரண்டு பிரிவும் ஒரே மாதிரி மார்க் வாங்கினால் தலையைப் பிய்த்துக்கொள்ளாதீர்கள். உங்கள் ஆராய்ச்சி கெடும் என்று தெரிந்துதான் செய்தேன்.

திட்டுவதற்காகவாவது வீட்டுக்கு வாருங்கள்.

உங்கள் வீட்டுக்காரி