தார்ப்பாய்க்கு உள்ளே உங்கள் வண்டி

பாலிஷ் டப்பாவைத் திறந்தேன். அந்த மெழுகு வாசனையில் நீங்கள் வந்து நின்றுவிட்டீர்கள். வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் போகுமுன் காருக்குத் தடவிக்கொண்டிருப்பீர்கள். எனக்குப் பொறாமையாக இருக்கும்.

"இதுல பாதி கவனிப்பு எனக்குக் கெடைச்சா நானும் பளபளன்னு இருப்பேன்" என்பேன்.

"உனக்கெல்லாம் துருப் பிடிக்காது. வாய் ஓடிக்கிட்டே இருக்குல்ல" என்பீர்கள்.

சவுதியில் பாதி ஆயுளைக் கழித்து வாங்கிய வண்டி. என் தம்பி உர மூட்டையை டிக்கியில் ஏற்ற வந்த அன்று குறுக்கே போய் நின்றீர்களே! "உரம் கொட்டுனா தகரத்தத் தின்னுடும் மச்சான், டிராக்டர்ல போடு." அவன் கோபித்துக்கொண்டு ரொம்ப நாள் நம் வீட்டுப் பக்கமே வரவில்லை.

நீங்கள் கண்மூடிய பிறகு நாலு மாதம் பத்து நாள் இத்தா இருந்து, வாசல் தாண்டாமல் வீட்டுக்குள்ளேயே கிடந்தேன். வெளியே ஐப்பசி மழை. வண்டி நனைகிறதே என்று தம்பியை விட்டு, நெல் மூடும் தார்ப்பாயைப் போர்த்தி இழுத்துக் கட்டச் சொன்னேன். ஈர நெல்லை மூடி வைத்தால் முளைத்துவிடும் என்று தெரிந்த ஊர்க்காரிதான் நான். ஈரத்தோடு வண்டியை மூடலாமா என்று மட்டும் தோன்றவில்லை. ஜன்னல் வழியாக அந்த நீலக் குவியலைப் பார்த்தே நாட்களைத் தள்ளினேன்.

இத்தா முடிந்து அவிழ்த்தால், கதவுகளின் அடியெல்லாம் பெயிண்ட் கொப்பளித்திருந்தது. விரல் வைத்தேன், துரு உதிர்ந்தது. உங்கள் மவுத்தன்று வாய்விட்டு அழாதவள் அன்று அழுதேன். நீங்கள் விட்டுப்போனதைக் காப்பாற்றக்கூட எனக்குத் துப்பில்லையே என்றிருந்தது.

"வித்துடுங்கம்மா, ஓட்ட யாரு இருக்கா?" என்று துபாயிலிருந்து மகன் சொன்னான். பட்டறைக்காரர் துருவைச் சுரண்டி, பிரைமர் அடித்து, பெயிண்ட் போட்டுக் கொண்டுவந்து விட்டார். "மூடியே வச்சா மறுபடி வரும்ங்க. அப்பப்ப எடுத்து ஓட்டுங்க" என்றார். விற்பதா, நானே ஓட்டுவதா என்று ஒரு வாரம் புரண்டேன்.

இன்று பாலிஷ் போட்டு முடித்ததும் சாவியை எடுத்துவிட்டேன். நீங்கள் பெயிண்டுக்குப் பயந்து பயந்து சொல்லிக்கொடுத்த ஓட்டம்தான். நீடாமங்கலம் ரயில்வே கேட் வழக்கம்போலச் சாத்திக் கிடந்தது. அங்கே நின்றால் போதும், வண்டியைத் துடைக்கத் துணியோடு இறங்கிவிடுவீர்கள். இடப்பக்கம் உட்கார்ந்து நான் திட்டிக்கொண்டிருப்பேன்.

சரக்கு ரயில் போனது. கேட் மேலே எழும்பியது.

"போதும், ஏறுங்க" என்று வெளியே பார்த்துச் சொல்லிவிட்டுக் காத்திருந்தேன். பின்னால் ஆரன் அடித்தார்கள். அப்புறம்தான் தெரிந்தது, ஸ்டீயரிங் என் கையில் இருக்கிறது.